காசு கொடுத்தவனுக்குப் பூட்டு

1980-ல் இங்கிலாந்தில் வேர்ட்கிராஃப்ட் என்றொரு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. கடிதமும் அறிக்கையும் அடிக்கிற மென்பொருள். எழுதியவர் பீட் டவுசன். அது ஓடிய கணினி கமடோர் பெட். திரையும் விசைப்பலகையும் ஒரே பெட்டியில் அடங்கிய, 1977-ல் வந்த இயந்திரம். டைப்ரைட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அலுவலகங்களுக்கு இது பெரிய வசதி. விற்றவர்களுக்கு இருந்த தலைவலி ஃபிளாப்பி. ஒரு ஃபிளாப்பியில் இருப்பதை இன்னொன்றில் நகலெடுக்க, ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஓர் அலுவலகம் வாங்கினால் அந்தத் தெரு முழுக்க ஓடும்.

நகல் பற்றிய புலம்பல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ், கணினியைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினிக்காக அவரும் கூட்டாளிகளும் எழுதிய பேசிக் மொழி, துளையிட்ட காகித நாடாவில் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உங்களில் பெரும்பாலானவர்கள் திருடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே எழுதிவிட்டார். அதைப் படித்து யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை.

வேர்ட்கிராஃப்ட்காரர்கள் கடிதம் எழுதவில்லை. ஃபிளாப்பியை நகலெடுப்பவன் எடுத்துக்கொள்ளட்டும், நகலெடுக்க முடியாத ஒரு சாமானைக் கூடவே கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். பெட் கணினியின் பின்பக்கம் கேசட் ரெக்கார்டர் மாட்ட ஓர் இணைப்பு உண்டு. அதில் மின்சாரமும் வரும், தகவலும் போய்வரும். அங்கே மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன மின்சுற்றைச் செய்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி பிசினை ஊற்றி இறுக்கினார்கள். மொத்தம் 33 கன சென்டிமீட்டர், ஏறக்குறைய தீப்பெட்டி அளவு. மென்பொருள் கிளம்பும்போது அந்த இணைப்பில் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த பதில் வந்தால் ஓடும், வராவிட்டால் நின்றுவிடும். பெட்டிக்குள் கணக்கு எதுவும் நடக்கவில்லை. முன்கூட்டியே வைத்த பதிலைத் திருப்பிச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

செய்தவருக்கு இதை எப்படி அழைப்பது என்று தோன்றாததால், வாய்க்கு வந்தபடி டாங்கிள் என்றார். பிற்பாடு 1992-ல், பூட்டு விற்ற ரெயின்போ டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் டான் கால் என்ற ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார், அவர் பெயரே பொருளுக்கு வந்தது என்று விளம்பரம் போட்டது. அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் அந்தக் கதையை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேர்ட்கிராஃப்ட்டை விநியோகித்த டேட்டாவியூ என்ற கோல்செஸ்டர் நிறுவனம், இந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டியை உருவாக்கி விற்க ஆரம்பித்தது. சீக்கிரமே அதுதான் அவர்களுடைய முக்கியத் தொழிலானது. மென்பொருள் விற்க வந்தவர்கள் பூட்டு வியாபாரிகளாகிவிட்டார்கள்.

இந்தப் பிறப்பில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. டாங்கிளை மாட்டிவிட்டால் அந்த இணைப்பில் கேசட் ரெக்கார்டரை மாட்ட முடியாது. காசு கொடுத்து மென்பொருள் வாங்கியவனுக்குத் தன் கணினியில் ஓர் இணைப்பு போய்விட்டது. காசு கொடுக்காமல், பூட்டைக் கேட்கும் வரிகளை மென்பொருளிலிருந்து கிள்ளி எறிந்துவிட்டு ஓட்டியவனுக்கு எல்லா இணைப்பும் பத்திரமாக இருந்தது. பிறகு வந்த நாற்பத்தைந்து வருடங்களில் டாங்கிளின் வடிவம் எத்தனையோ முறை மாறியது. இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

விளையாட்டு மென்பொருள்காரர்களும் கொஞ்ச நாள் இதை முயன்று பார்த்தார்கள். கமடோர் 64-ல் வந்த லீடர்போர்ட் என்ற கோல்ஃப் விளையாட்டுக்கு ஒரு டாங்கிள் இருந்தது. அமிகா கணினிக்கு வந்த ரோபோகாப் 3-க்கும் இருந்தது, வந்த கையோடு உடைத்துவிட்டார்கள். ஒரு விளையாட்டின் விலையில் பூட்டுக்கும் சேர்த்துக் காசு வாங்குவது கட்டுப்படியாகாது என்பதால் அந்தக் கிளை அங்கேயே பட்டுப்போனது. தழைத்தது தொழில் மென்பொருளில்தான்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தது. அதன் பின்னால் பிரின்டருக்கென்று 25 ஓட்டை கொண்ட ஓர் இணைப்பு. பூட்டுக்காரர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. பூட்டின் ஒரு முகத்தைக் கணினியில் மாட்டி, மறு முகத்தில் பிரின்டர் வயரை மாட்டலாம். பிரின்டரும் ஓடும், பூட்டும் இருக்கும் என்றார்கள். கேசட் இணைப்பு காலத்துத் தவறைத் திருத்திக்கொண்ட மாதிரி இருந்தது. உண்மையில் தவறு வேறு உருவம் எடுத்தது.

பிரின்டர் இணைப்பில் மின்சாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. தகவல் போகும் கம்பிகளில் இருக்கும் சொற்ப மின்னழுத்தத்தை உறிஞ்சித்தான் பூட்டு உயிர்வாழ வேண்டும். மறுமுனையில் பிரின்டர் அணைந்து கிடந்தால், அதுவும் அந்தக் கம்பிகளைக் கீழே இழுக்கும். பூட்டுக்குப் போதவில்லை என்றால் மென்பொருள் ‘பூட்டு இல்லை’ என்று நின்றுவிடும். பிரின்டரைப் போட்டால் வேலை செய்யும், அணைத்தால் செய்யாது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆபரேட்டருக்கு ஒரு நாள் போய்விடும். இரண்டு மென்பொருள் வாங்கியவர் இரண்டு பூட்டை ஒன்றன்பின் ஒன்றாக மாட்ட வேண்டும். எது முன்னே எது பின்னே என்பதைப் பொறுத்து ஒன்று வேலை செய்யும், மற்றொன்று செய்யாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்டிக் கழற்றினால் பூட்டோ இணைப்போ எரிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டு சுவரில் இடிக்காமல் இருக்க மேசையையே முன்னால் இழுத்துப் போட்ட அலுவலகங்கள் எத்தனையோ.

1980-களின் நடுவில் அமெரிக்க மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான அடாப்சோ, எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஒரே பூட்டு முறையைக் கொண்டுவரலாம் என்று முயன்றது. கணினிக்கு ஒரு சாவிவளையம், மென்பொருளுக்கு ஒரு சாவி என்ற மாதிரி ஏற்பாடு. அது எடுபடவில்லை. வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டைத் தயாரித்த ஆட்டோடெஸ்க் அதே காலத்தில் தன் மென்பொருளுக்குப் பூட்டு போட்டது. காசு கொடுத்து வாங்கியிருந்த எஞ்சினியர்களும் கட்டட வரைவாளர்களும் கொதித்தார்கள், எங்களைத் திருடர்கள் என்கிறீர்களா என்று கேட்டார்கள். 1986-ல் வட அமெரிக்காவில் பூட்டை எடுத்துவிட்டார்கள். மற்ற நாடுகளில் அது இன்னும் பல வருடம் இருந்தது. அமெரிக்கனின் கோபத்துக்கு ஒரு மரியாதை, மற்றவனின் கோபத்துக்கு வேறு மரியாதை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பத்தாண்டில்தான் பூட்டு ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. ரெயின்போ 1984-ல். 1985-ல் இஸ்ரேலில் யாங்கி மார்கலித் என்ற இளைஞர் அலாதீன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் கொண்டுவந்த ஹாஸ்ப் பூட்டு உலகமெங்கும் பரவியது. 1989-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் விபு சிஸ்டம்ஸ். பழைய பெட்டி மாதிரி ஒரே பதிலை ஒப்பிக்காமல், ஒவ்வொரு முறையும் மென்பொருள் கேட்கும் புதுக் கேள்விக்கு உள்ளே கணக்குப் போட்டு விடை சொல்கிற சில்லுகள் வந்தன. பூட்டு கெட்டிப்பட்டது. ஆனால் உடைப்பவன் பூட்டைத் தொடுவதே இல்லை. பூட்டு மாதிரியே பதில் சொல்லும் ஒரு நிரலை எழுதிக் கணினிக்குள் வைத்துவிடுகிறான், அல்லது கேள்வி கேட்கும் இடத்தையே மென்பொருளிலிருந்து நீக்கிவிடுகிறான்.

நம் பக்கம் இந்தப் பொருள் வந்தது தமிழ் எழுத்தைத் தொட்டுக்கொண்டு. கான்பூர் ஐஐடியில் 1980-களில் இந்திய எழுத்துகளைக் கணினியில் காட்டும் வேலை நடந்தது. 1988-ல் புனேயில் அமைந்த சி-டாக் அதை ஜிஸ்ட் என்ற பெயரில் வளர்த்து, கணினிக்குள் சொருகும் அட்டையாக விற்றது. டாஸ் காலத்தில் அந்த அட்டையை மாட்டினால்தான் திரையில் தமிழ் வரும், கழற்றினால் தமிழ் போய்விடும். இது உரிமப் பூட்டு இல்லைதான். ஆனால் தமிழ் என்பது கணினிக்குள் தனியாகக் காசு கொடுத்து மாட்ட வேண்டிய ஒரு சாமான் என்ற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

விண்டோஸ் 95 வந்தபோதும் அதற்குத் தமிழ் தெரியாது. 2000-ல் வந்த விண்டோஸ்தான், எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில் தமிழை ஏற்றது. இடைப்பட்ட வருடங்களில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கி எழுத்துரு செய்தார்கள். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ணு’ வைத்திருப்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாப், டாம் என்று இரண்டு பொதுக் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. அச்சகங்கள் பழைய எழுத்துருவை விடவில்லை. புனேயின் மாடுலர் இன்ஃபோடெக் செய்த ஸ்ரீலிபி போன்ற தொகுப்புகள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தன. காரணம் எளிது. கல்யாணப் பத்திரிகைக்கு நூறு வகை எழுத்து அதில் இருந்தது. அவை பூட்டோடு வந்தன.

அச்சகத்தில் யாரும் டாங்கிள் என்று சொன்னதில்லை. ‘லாக்’ என்பார்கள். இணையத்துக்குச் சொருகும் குச்சி வந்த பிறகு டாங்கிள் என்றால் அதுதான் என்று ஊரே நினைத்துக்கொண்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் ஈய எழுத்தை மூட்டை கட்டிவிட்டு டிடிபிக்கு மாறிய அச்சகங்களில் ராத்திரி கடையை அடைக்கும்போது லாக்கைக் கழற்றிக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். காலையில் முதலாளி வந்து எடுத்துக் கொடுத்தால்தான் வேலை. அண்ணாமலை நகரில் ஆய்வேடு அடித்துக் கொடுக்கும் கடைகளில் சீசன் நேரத்தில் மூன்று கணினி இருக்கும், லாக் ஒன்றுதான் இருக்கும். ஒரு கணினியில் அடித்து முடித்து, லாக்கைக் கழற்றி அடுத்ததில் மாட்டி, அதில் திருத்தம் போட்டு, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவார்கள். பக்கம் கட்டுவதற்குப் பேஜ்மேக்கரும் எழுத்துருவும் போதும். ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது என்று திருத்த உட்கார்ந்தால் லாக் வேண்டும்.

இங்கேதான் தமிழ்க்காரனுக்கு ஓர் ஐரோப்பிய எஞ்சினியருக்கு இல்லாத கூடுதல் தொந்தரவு. ஆட்டோகேட் பூட்டு கெட்டால் அவருக்கு ஒரு கருவி போச்சு. இவருக்கு லாக் கெட்டால், பத்து வருடம் அடித்துச் சேர்த்து வைத்த நூல்களைத் திருத்த முடியாது. அந்தக் குறியீடு அந்த ஒரு தயாரிப்பாளருக்கு மட்டும் சொந்தமானது. வேறொரு மென்பொருளில் திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறியும் டாலர் குறியும் கொட்டிக் கிடக்கும்.

தமிழ் தட்டச்சு இந்தப் பூட்டிலிருந்து விடுபட்டது சட்டத்தாலும் இல்லை, பூட்டை உடைத்ததாலும் இல்லை. ஆர்வமாகச் சிலர் உட்கார்ந்து இலவசமாகச் செய்து கொடுத்ததால். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பரப்பினார். முகுந்த் அதே வேலைக்கு இ-கலப்பையைக் கொடுத்தார். 2005 ஏப்ரலில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டு இலவசமாகத் தந்தது. அதன் பிறகு நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர் வந்தது. அதோடு வந்த மாற்றி, பழைய எழுத்துருக் கோப்புகளை யுனிகோடுக்குக் கொண்டுவந்தது. தமிழ் அடிக்க லாக் வேண்டும் என்ற காலம் அச்சகத்துக்கு வெளியே அத்தோடு முடிந்தது.

ஆனால் டாங்கிள் எங்கும் போகவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் கடலூர்–பண்ருட்டி சாலையோரம் ஒரு ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. பத்தடி அகலத்துக்கு அச்சடிக்கிற இயந்திரம். படத்தை மைப்புள்ளிகளாகப் பிரித்து இயந்திரத்துக்கு அனுப்புகிற ‘ரிப்’ மென்பொருளுக்கு யுஎஸ்பி லாக் உண்டு. சிபியு தரையில் நிற்கும், லாக் அதன் பின்னால் சொருகியிருக்கும். ஆடி மாதம் செடல் திருவிழா பேனர்கள் வரிசையில் நிற்க, தம்பி மகள் காதுகுத்துக்கு ஒரு பேனர் சொல்லிவிட்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இருக்கும், ஒரு பெரியவர் வந்தார். கையில் பாஸ்போர்ட் சைஸ் படம்.

“காலைல பத்து மணிக்கு எடுத்துடுவாங்கப்பா. அதுக்குள்ள கண்ணீர் அஞ்சலி வந்துடுமா?”

“வந்துடும் சித்தப்பா. நீங்க போய் ஆவுற வேலையப் பாருங்க, நான் பையன்கிட்ட குடுத்து விடுறேன்.”

டிசைன் செய்கிற பையன் பத்தே நிமிடத்தில் மாலை போட்டு, விளக்கு வைத்து, பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் அடித்து முடித்தான். எழுந்து மீடியா ரோலை மாற்றப் போகும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளினான். நாற்காலியின் கால் சிபியுவில் இடித்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பி வந்து பிரின்ட் கொடுத்தால் கீ கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு ரிப் மூடிக்கொண்டது.

“அண்ணே, லாக் எரியல.”

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். லாக்கின் தகர முனை பக்கவாட்டில் வளைந்து, பிளாஸ்டிக் உறை வாயைப் பிளந்திருந்தது. வேறு போர்ட்டில் மாட்டிப் பார்த்தார்கள், கையால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு கணம் பச்சை மின்னி அணைந்தது. சென்னையில் இருக்கிற டீலருக்குப் போன் போட்டார் கடைக்காரர். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்து அவர்கள் சொன்ன பதில் இது: லாக்கைக் கூரியரில் அனுப்புங்கள், உள்ளே சில்லு நன்றாக இருந்தால் மாற்றித் தருகிறோம், தொலைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் புது லைசென்ஸ்தான்.

அன்று ராத்திரி நடந்தது வேறு. கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பையன் பைக்கில் பண்ருட்டிக்குப் போனான். அங்கே தெரிந்த கடையில் அடித்து வாங்கி, பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து ரிங் அடித்துக் கொடுத்தான். அந்தக் கடையிலும் அதே ரிப் மென்பொருள்தான். அவர்களிடம் லாக் கிடையாது, உடைத்த பதிப்பு. நாற்காலி இடித்தாலும் நிற்காது.

“நான் காசு குடுத்து வாங்கி நிக்குறேன், அவன் சும்மா வாங்கி ஓட்டுறான் பாத்தீங்களாண்ணே” என்றார் கடைக்காரர். அவருக்குக் கோபம் திருட்டுப் பதிப்பு வைத்திருந்தவர் மேல் இல்லை. அவரிடம்தானே போக வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து நெல்லிக்குப்பத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஒரு பையன், வளைந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் பழைய பென்டிரைவ் ஒன்றின் முனையை எடுத்து நாலு கம்பியையும் சால்டர் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. டீலருக்கு அனுப்பவே இல்லை. இப்போது அந்த லாக் சிபியுவின் பின்னால் இல்லை. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, சுவரில் அடித்த ஒரு காலி ஸ்விட்ச் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்தத் துறையில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுகின்றன. உரிமம் என்பது அந்தக் குச்சிதான். குச்சி தொலைந்தால் உரிமம் தொலைந்தது. வாங்கிய ரசீது இருக்கிறதா, வரிசை எண் தெரியுமா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். விரல் நீளச் சாமான் ஒன்று மென்பொருளின் முழு விலையையும் சுமந்துகொண்டு ஒரு போர்ட்டில் தொங்குகிறது. கடையில் திருட வருபவனுக்கு அது பென்டிரைவ் மாதிரிதான் தெரியும், எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

உடையாமல் தொலையாமல் பத்திரமாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடும். புதுக் கணினிகளில் பிரின்டர் போர்ட் காணாமல் போனபோது, அதில் மாட்டும் லாக் வைத்திருந்தவர்கள் அதற்காகவே பழைய கணினி ஒன்றைப் பராமரித்தார்கள். விண்டோஸ் 64 பிட்டுக்கு மாறியபோது கையொப்பம் இல்லாத டிரைவர்களை ஏற்க மறுத்தது. பழைய லாக்கின் டிரைவருக்குக் கையொப்பம் போட அதைத் தயாரித்த நிறுவனம் இருக்க வேண்டுமே. பூட்டு நிறுவனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. ரெயின்போவை 2004-ல் சேஃப்நெட் வாங்கியது. 2009-ல் அலாதீனும் அதே குடும்பத்துக்குள் போனது. 2015-ல் சேஃப்நெட் ஜெமால்டோவிடம், 2019-ல் ஜெமால்டோ பிரான்சின் தேல்ஸிடம். ரிப் மென்பொருள் வாங்கியவருக்கு இந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வரக்கூடாது, ஆனால் வருகிறது.

2018 ஜனவரியில் இன்னொன்று தெரியவந்தது. காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், உலகில் மிக அதிகமாகப் புழங்கும் உரிம டாங்கிள்களில் ஒன்றான சென்டினல் வகையின் மென்பொருளில் 14 ஓட்டைகள் இருப்பதாக அறிவித்தார்கள். அதில் ஒன்று வேடிக்கையானது. டாங்கிளைச் சொருகியதும் அதன் டிரைவர் விண்டோஸின் தடுப்புச் சுவரில் 1947 என்ற எண்ணுள்ள வாசலைத் திறந்துவைக்கும். டாங்கிளைப் பிடுங்கிய பிறகும் அது திறந்தே கிடக்கும். வெளியிலிருந்து அதன் வழியே நுழைந்து கணினியைக் கையிலெடுக்க வழி இருந்தது. தயாரிப்பாளர் பிறகு திருத்தம் வெளியிட்டார். திருடனிடமிருந்து மென்பொருளைக் காப்பாற்ற மாட்டிய பூட்டு, வாங்கியவரின் கணினிக்கு இன்னொரு வாசலை வைத்துக்கொடுத்திருந்தது. உடைத்த பதிப்பில் பூட்டு டிரைவர் கிடையாது. அதனால் நிம்மதி என்று யாரும் நினைக்க வேண்டாம், அதோடு சேர்ந்து வருகிற வைரஸ்கள் தனிக் கதை.

இவ்வளவையும் சொன்ன பிறகு டாங்கிளுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அது இணையத்தைக் கேட்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்தது. செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. ஜெனரேட்டர் கிடைத்தவர்கள் லாக்கை மாட்டி வேலை பார்த்தார்கள். மாதா மாதம் தயாரிப்பாளரின் சர்வரைக் கேட்டு அனுமதி வாங்குகிற மென்பொருளாக இருந்திருந்தால் டீசல் ஊற்றியும் பயன் இருந்திருக்காது. அடோபி 2013-ல் தன் புதுப் பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டது. மற்றவர்களும் அந்தப் பாதையில் போகிறார்கள். சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். டாங்கிளாவது கையில் இருக்கிறது. ஒரு கணினியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விலை அதிகமாகவும் வாங்குபவர்கள் குறைவாகவும் இருக்கிற ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு வேறு என்னதான் வழி என்று கேட்டால், எனக்கும் உடனே பதில் வராது. பூட்டு போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடைந்தால் நாளைக்கே மாற்றித் தரும் பொறுப்பைப் பூட்டியவர் ஏற்க வேண்டும். ரசீதைக் காட்டுபவரைத் திருடனாகப் பார்க்கக் கூடாது.

கெட்டுப்போன பூட்டை வாங்கியவரே மீறிக்கொள்வதற்கு அமெரிக்காவில் சட்டத்திலேயே இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அங்கே 1998-ல் வந்த சட்டம் பூட்டை மீறுவதையே குற்றமாக்கியது. கெட்டுப்போய், மாற்று கிடைக்காத டாங்கிளை மீறலாம் என்ற விலக்கு 2003-ல் கிடைத்தது, 2006-லும் 2010-லும் நீட்டித்தார்கள்.

நம் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமானது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, மென்பொருளை நியாயமாக வாங்கியவர் அது அழிந்துபோகாமலிருக்கக் காப்பு நகல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த உரிமை ஃபிளாப்பிக்கும் குறுந்தகடுக்கும் பொருந்தும். டாங்கிள் வைத்த மென்பொருளில், காப்பு நகல் எடுத்து வைத்தும் பயனில்லை, பூட்டுக்கு நகல் கிடையாதே. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை மீறுபவருக்கு 2 வருடம் வரை சிறை என்கிறது, ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. தான் காசு கொடுத்து வாங்கியதை ஓட்டுவதற்காக மீறுவதில் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது? சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக மீறலாம் என்று அதே பிரிவு தனியாகவும் சொல்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அப்படி மீற ஒருவருக்கு உதவி செய்பவர், உதவி கேட்டு வந்தவரின் பெயர், முகவரி, என்ன காரணத்துக்காக என்பதையெல்லாம் முழுமையாக எழுதிப் பதிவாக வைத்திருக்க வேண்டும்.

நெல்லிக்குப்பத்துப் பையன் செய்தது வெறும் சால்டர் வேலை, பூட்டை அவன் மீறவில்லை. அதனால் இந்தப் பதிவு அவனுக்குத் தேவையில்லை. இருந்தாலும் 65ஏ பிரிவைப் பற்றி அவனிடம் சொன்னேன். “நோட்டெல்லாம் யாருண்ணே வச்சிருக்கா, பில்லே குடுக்குறதில்ல” என்றான். ஃபிளெக்ஸ் கடைக்காரர் அடுத்த இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், லாக் உடைந்தால் எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள் என்று டீலரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. முன்பணமும் போகவில்லை.